எந்தப் பாட்டு முதலில்

இபான் கிளினிக்குக்குள் நுழைந்தபோது டாக்டர் ஷெம்பாங் ரின்ஜா ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பல்லுக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தார். வெட் மேட்சஸ் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தம் ஏன் அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் கேட்கிறது என்று அவருக்கு விளக்கம் நடந்துகொண்டிருந்தது. வாயில் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் இருக்கும்போது யாராலும் மறுத்துப் பேச முடியாது. பல் வைத்தியத்தில் ஷெம்முக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.

"பாஹ் ஷெம், அவரை விட்டுருங்க, பாவம்," என்றாள் இபான் வாசலில் நின்றபடியே, அந்த ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் என்று அழைத்து. "பல்லு, காது ரெண்டையும் ஒரே நாள்ல பிடுங்குறீங்களே."

"உக்காரு. இன்னும் ஒரே ஒரு வேர்தான்."

"எந்தக் கதையோட வேரு?"

நாற்காலியில் கிடந்தவர் தொண்டைக்குள் சிரித்தார். ரத்தம் கலந்த எச்சில் குழாயில் ஏறியது.

இபான் வெட் மேட்சஸில் பேஸ் கிட்டார் வாசிப்பவள். குழுவின் ஒலிப்பதிவையும் அவளே பார்த்துக்கொள்வாள். ஈரத் தீக்குச்சிகள் என்று ஒரு குழு தனக்குப் பெயர் வைத்துக்கொண்டதற்கு ஷில்லாங்கில் இதுவரை ஒருவரும் காரணம் கேட்டதில்லை. அங்கே பெய்கிற மழைக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது என்று எல்லோருக்கும் தெரியும். ஷெம் அவர்களுடைய முதல் ரசிகர். கல்லூரி நாட்களில் அவர்களுடைய ஆம்ப்ளிஃபயரை முதுகில் சுமந்து மலையேறியவர். எல்லாப் பாட்டும் எல்லா வரியும் அவருக்கு மனப்பாடம். எது நல்ல பாட்டு, எது சோடை என்பதில் அவருக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய பிறகு, இபான் ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

"புது ஆல்பம். பேரு 'காயாத துணி'. சனிக்கிழமை முதல் கேட்பு. முன்வார்த்தை நீங்கதான் சொல்றீங்க."

ஷெம் கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார். "யார் சொன்னது?"

"நான்."

"ஃபுல்மூன் என்ன சொன்னான்?"

"ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல. மூணாவது நாள், 'பொய் சொல்லாம இருந்தா வரட்டும்'னு சொன்னாரு."

முதல் கேட்பு என்பது குழுவைப் போலவே பழைய வழக்கம். ஒரு ஆல்பம் வெளியாவதற்கு முன் பழைய ரசிகர்கள் ஜயாவ் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கூடுவார்கள். ஏற்கெனவே கேட்டுவிட்ட ஒருவர் முன்னால் வந்து நாலு வார்த்தை பேசுவார். பிறகு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஓடும். அது முடியும்வரை ஒருவரும் பேசக் கூடாது. பச்சைப் பாக்கும் வெற்றிலையும் தட்டில் கைமாறும். மென்றுகொண்டே கேட்க வேண்டியதுதான். நாலு ஆல்பங்களுக்கு ஷெம்தான் முன்வார்த்தை சொன்னார். ஐந்தாவதுக்கும் அவரே சொன்னார். வினை அங்கேதான் பிறந்தது.

அந்த ஐந்தாவது ஆல்பத்தை மும்பைக்குப் போய் ஒரு பெரிய தயாரிப்பாளரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். டிரம்ஸுக்கு ஆள் இல்லை, இயந்திரம். ஷெம் மண்டபத்தின் முன்னால் நின்று, "தீக்குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு லைட்டர் வாங்கியிருக்காங்க. அதுல காஸ் இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அந்த வாரம் முழுக்க ஊரே அதைத்தான் சொல்லிச் சிரித்தது. ஆல்பம் எழுந்திருக்கவே இல்லை. பாடகன் ஃபுல்மூன் வாலாங், ஷெம்மோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அதன்பின் அவரோடு பேசவில்லை. பதினோரு வருடம் ஆகிவிட்டது. பல்வலி வந்தால் மூன்று மணி நேரம் மலை இறங்கி குவாஹாட்டிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டான்.

சொன்னதில் தப்பு இருப்பதாக ஷெம் இன்றுவரை நினைக்கவில்லை. அந்த ஆல்பத்தை மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்திருக்கிறார். காஸ் இல்லைதான். ஆனாலும் ஃபுல்மூன் இல்லாத சனிக்கிழமைகளுக்கு அவர் பழகிக்கொள்ளவும் இல்லை.

"கேட்டுட்டுச் சொல்லுங்க," என்றாள் இபான். "நீங்க வரலைன்னா, 'டாக்டருக்குப் பிடிக்கல போல'ன்னு ஜனங்க அவங்களா முடிவு கட்டிருவாங்க. வந்து நல்லா இல்லைன்னு சொன்னாலும் அதே கதிதான். இதுவும் படுத்துருச்சுன்னா கிட்டாரைத் தூக்கி மேல மாட்டிருவேன்னு அவர் சொல்லிட்டாரு."

"நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"தெரியும். அதனாலதானே முன்னாடியே கேக்கச் சொல்றேன்."

அன்று மாலை அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் பாட்டுக் கேட்க முடியாது. வீடு மனைவி ரிதாவுடையது. ரிதா கடைசி மகள் என்பதால், காசி மலை மக்களின் வழக்கப்படி, வீடு அவளுக்கு வந்தது. வீட்டோடு அவள் அம்மாவும், அம்மாவோடு செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஷெம் தன் சின்னக் காரை கோல்ஃப் மைதானத்து ஓரத்தில் பைன் மரங்களின் கீழ் நிறுத்தினார். அந்தக் காரில் பாட்டுப்பெட்டியின் திரை எப்போதோ செத்துவிட்டது. பாட்டின் பெயரோ எண்ணோ தெரியாது. அது அவருக்குப் பெரிய குறையாக இருந்ததில்லை. பெயரைப் படித்துவிட்டுப் பாட்டைக் கேட்பவன் பாதி கேட்டுவிட்டவன் என்பது அவர் கட்சி. பென் டிரைவைச் செருகிவிட்டு இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்.

முதலில் மழைச் சத்தம் வந்தது. காரின் கூரையில் விழும் மழையா, பாட்டில் உள்ள மழையா என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பிறகு ஒற்றைத் துய்தாரா, நாலு தந்திகளில் ஏதோ வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. அதன் மேல் ஃபுல்மூனின் குரல், தாய்மொழியான காசி மொழியில். இத்தனை வருடமும் ஆங்கிலத்தில் மட்டுமே பாடிய வாய் அது.

அம்மாவின் வீட்டில் பிறந்து, மனைவியின் வீட்டில் வாழ்ந்து, அந்தத் திருமணம் முறிந்த பிறகு அம்மாவின் வீட்டுக்கே திரும்பி வந்த ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. அம்மா போய்விட்டாள். வீடு இப்போது தங்கையுடையது. மழையில் நனைந்து வாசலில் வந்து நிற்கிறான். யாரும் அவனை வெளியே நிற்கச் சொல்லவில்லை. அடுப்பில் தேநீர்கூடக் கொதிக்கிறது. ஆனால் அவன் விருந்தாளியைப்போலக் கேட்கிறான்: "குடையை எங்கே வைக்கட்டும், தங்கச்சி, குடையை எங்கே வைக்கட்டும்?" அந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. புகார் இல்லை, அழுகை இல்லை. கையில் குடை சொட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடியது அந்தப் பாட்டு. ஷெம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்து ஆரஞ்சு ஏற்றிய லாரி ஒன்று மூடுபனியில் மலையிறங்கும் பாட்டு. கிட்டார் மெல்ல உள்ளே வந்தது. அதற்கடுத்ததில் டிரம்ஸ், ஆள் அடிக்கும் டிரம்ஸ். பாட்டுக்குப் பாட்டு ஒவ்வொரு சன்னலாகத் திறந்துகொண்டு வந்தது. கடைசியில், கரண்ட் போன தெருவைப் பற்றிய ஒரு ரகளையான பாட்டு. முழுக்குழுவும் கத்திக்கொண்டிருக்கும்போதே பாதி வார்த்தையில் பட்டென்று நின்றது. மைதானத்தில் நாய் ஒன்று குரைப்பது கேட்டது.

"ராஸ்கல்," என்றார் ஷெம் சத்தமாக, காருக்குள் தனியாக.

அவருக்குச் சந்தேகமே இல்லை. குழு செய்ததிலேயே உயரமான வேலை இது. பாட்டுகளைவிட அவற்றின் வரிசை அவரை உலுக்கியது. இந்தக் காலத்தில் முதல் அரை நிமிடத்தில் ஆளைப் பிடிக்காவிட்டால் கேட்பவன் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான். அப்படியிருக்க, ஏழு நிமிடக் குடையை வாசலிலேயே வைத்து, 'நனையத் தயாராக இருப்பவன் உள்ளே வா' என்கிறான் இவன். அந்தத் துணிச்சல் ஃபுல்மூனைத் தவிர யாருக்கு வரும்?

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த வரிசையின் பெருமை ஓதப்பட்டது. வெள்ளிக்கிழமை வந்தவர் ஹெர்குலிஸ் கர்புலி. போலீஸ் பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். ஷெம் அளவுக்கே பழைய ரசிகர், ஷெம் சொல்வது எதையும் ஒப்புக்கொள்ளாதவர். அவருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு ஷெம் ஆரம்பித்தார்.

"முதல் பாட்டை வெச்சிருக்கான் பாரு ஹெர்குலிஸ், அங்கதான் நிக்கிறான் அவன். வேற எவனா இருந்தாலும் ஒரு கத்தல் பாட்டைப் போட்டுத் தொடங்கியிருப்பான். பயந்தவன்தான் கத்திக்கிட்டே உள்ள வருவான்."

ஹெர்குலிஸ் மரத்துப்போன உதட்டோடு ஏதோ சொன்னார்.

"ஆமான்னுதானே சொல்ற? எனக்குத் தெரியும்," என்றார் ஷெம்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே மழை, வாசலில் குடைக் குவியல், உள்ளே ஈரக் கம்பளியும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. ரிதா கடைசி வரிசையில் தன் தோழிகளோடு உட்கார்ந்துகொண்டாள். முன் வரிசையில் ஃபுல்மூனின் தங்கை டாஃபி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. ஃபுல்மூன் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். தாடி வெளுத்திருந்தது. ஷெம்மைப் பார்த்துத் தலையை ஒரு அங்குலம் அசைத்தான். பதினோரு வருடத்தில் அவனிடமிருந்து வந்த முதல் வணக்கம் அதுதான்.

ஷெம் முன்னால் போய் நின்றார்.

"போன தடவை நான் சொன்னதை மறந்துட்டீங்கன்னு நான் நினைக்கல," என்றார். சிரிப்பு எழுந்தது. "நானும் மறக்கல. இப்பவும் அதே கருத்துதான்."

சிரிப்பு அடங்கியது. ஃபுல்மூன் தரையைப் பார்த்தான்.

"இந்தத் தடவை வேற சொல்றேன். இவங்க செஞ்சதுலேயே பெரிய வேலை இதுதான். ஏன்னு கேப்பீங்க. முதல் பாட்டைக் கேளுங்க. துய்தாரா, மழை, ஒரு குரல். ஏழு நிமிஷம். வாசல்லயே உங்களை நிறுத்தி, கையில ஒரு ஈரக் குடையைக் கொடுத்துருவான். அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு பாட்டும் அந்தக் குடையைக் கொஞ்சம் கொஞ்சமா உங்க கையில இருந்து வாங்கும். கடைசிப் பாட்டுல கரண்டே போயிரும், எல்லாரும் கூத்தடிப்பீங்க. இப்படி ஒரு வரிசையைப் போடுறதுக்கு நெஞ்சுல தைரியம் வேணும். அது இவன்கிட்ட இருக்கு. அவ்வளவுதான்."

கைதட்டல் பலமாக வந்தது. ஷெம் அதை அனுபவித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனார். அதனால் இபானின் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. அவள் ஃபுல்மூனைப் பார்த்தாள். ஃபுல்மூன் கூரையைப் பார்த்தான். இபான் ஒலிப்பெட்டியை இயக்கினாள்.

மண்டபம் அதிர்ந்தது. டிரம்ஸும் மூன்று கிட்டாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. கரண்ட் போன தெருவைப் பற்றிய ரகளைப் பாட்டு.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெர்குலிஸ் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். பிறகு அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பேசக் கூடாது என்பது விதி. பேச முடியாத சிரிப்பு தோள்களில் குலுங்கியது. யாரோ பாக்கு புரைக்கேறி இருமினார்கள்.

ஷெம்மின் காது மடல்கள் சூடேறின. எழுந்து நின்று ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. முடியாது. அவர் காதலித்த ஆல்பம் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது, அவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தன் நாற்காலியில் கிடப்பவர்களின் நிலைமை இதுதான் போல என்று ஒரு கணம் நினைத்தார்.

முதலில் வெட்கம்தான் இருந்தது. மூன்று பாட்டு போனதும் வெட்கம் வடிந்து, அவர் கேட்க ஆரம்பித்தார். பாட்டுகள் அதே பாட்டுகள்தான். முதல் பாட்டுக்கு மண்டபம் தலையாட்டியது. நாலாவதுக்கு வந்தபோது தலைகள் ஆடுவது குறைந்தது. ஏழாவதில் சிலர் கைபேசியைத் திறந்து மூடினார்கள். கடைசியாக மழைச் சத்தம் வந்து துய்தாரா தொடங்கியபோது, முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பைகள் மூடப்படும் சத்தம், செருப்பைத் தேடும் கால்கள், பின்னால் தேநீர்க் கோப்பைகளை அடுக்கும் ஓசை. ஃபுல்மூனின் குரல் குடையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

ஷெம் அப்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தப்பு தன்னுடையது இல்லை.

பாட்டு நின்றது. விதியும் முடிந்தது.

"டாக்டர்!" ஹெர்குலிஸ்தான் முதலில் வாய் திறந்தார். நேற்று முதல் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "எந்த ஆல்பத்துக்கு முன்வார்த்தை சொன்னீங்க? பக்கத்து மண்டபத்துல ஏதாவது ஓடுதா?"

"பயந்தவன்தான் கத்திக்கிட்டே உள்ள வருவான்னு நேத்து என் வாயில ஊசியைக் குத்தி வெச்சுட்டுச் சொன்னாரே, கேளுங்க எல்லாரும்!" என்று அவரே தொடர்ந்தார். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

ஃபுல்மூன் சிரிக்கவில்லை. சுவரை விட்டு விலகி வந்தான்.

"போன தடவை கேட்டுட்டுத் திட்டினே," என்றான். "இந்தத் தடவை கேக்காமயே புகழ்ந்திருக்கே. இதுக்கு அதுவே மேல் ஷெம். அதுல உண்மையாவது இருந்துச்சு."

அந்த வார்த்தை ஷெம்மை நேராகத் தாக்கியது. "நான் கேட்டேன். மூணு நாளும் கேட்டேன். அந்த வரிசையிலதான் இருந்துச்சு. என் கார் பொய் சொல்லாது."

"ஐயோ," என்றாள் இபான். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "காரிலயா கேட்டீங்க? பாஹ் ஷெம், கார்ப் பெட்டிக்கு எண்ணெல்லாம் தெரியாது. எதை முதல்ல காப்பி பண்ணியிருக்கோமோ அதைத்தான் முதல்ல பாடும். நான் கம்ப்யூட்டர்ல இருந்ததை அப்படியே ஒண்ணொண்ணா இழுத்துப் போட்டேன்."

"அப்படின்னா? அது எந்த வரிசை?"

இபான் கொஞ்சம் யோசித்தாள். "பதிவு பண்ணின வரிசை. 'குடை'யைத்தான் முதல்ல பதிவு பண்ணினோம். அவர் அம்மா போன அதே மாசம். அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஒண்ணுமே இல்ல. அப்புறம்தான் ஆரஞ்சு லாரி. 'கரண்ட் கட்' போன மாசம் செஞ்சது."

மண்டபத்தில் சிரிப்பு ஓய்ந்திருந்தது.

"கேட்டியா?" என்றார் ஷெம். குரலில் வெற்றியை மறைக்க அவர் முயலவில்லை. "நான் நீ செஞ்சதைக் கேட்டிருக்கேன். நீ மாத்தி வெச்சதை இப்பத்தான் கேக்குறேன். முதல்ல சொன்னதுதான் சரி."

"தப்பான பல்லைப் பிடுங்கிட்டு, பல்லு இருந்த இடம்தான் தப்புங்கிறாரு," என்றார் ஹெர்குலிஸ்.

"நீ சும்மா இரு. ஃபுல்மூன், உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் பாட்டை ஏன் கடைசியில வெச்சே?"

"கடைசியிலதான் அமைதியான பாட்டு வரணும். எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க."

"எல்லாரும் வெக்கிறதை நீ எப்போ வெச்சிருக்கே? கடைசிப் பாட்டுவரைக்கும் எவனும் வர மாட்டான்னு தெரிஞ்சுதான் அங்க வெச்சே. இப்பப் பார்த்தேல்ல? பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தாங்க. அதைத்தான் நீயும் எதிர்பார்த்தே. எழுதவும் செஞ்சே, ஒளிச்சும் வெச்சே."

ஃபுல்மூன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆனால் மண்டபம் இப்போது அவ்வளவு அமைதியாக இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"டேய், அதை முதல்ல போட்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா? தங்கச்சி வீட்டுல இடம் இல்லைன்னு அண்ணன்காரன் ஊரைக் கூட்டி ஒப்பாரி வெக்கிறான்னு சொல்லுவாங்க. நம்ம வழக்கத்தையே குறை சொல்றான்னு ரேடியோவுல விவாதம் வெப்பாங்க. நான் யாரையும் குறை சொல்லல. அவ எனக்கு ஒரு குறையும் வெக்கல. அவ முன் வரிசையில உக்காந்திருக்கா. அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அதை எப்படி முதல்ல போடுவேன்?"

எல்லோரும் முன் வரிசையைப் பார்த்தார்கள். டாஃபி கோத்த கைகளைப் பிரிக்கவில்லை. அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"குடையை எங்க வெக்கட்டும்னா கேக்குற?" என்றாள். "போன ஞாயித்துக்கிழமை சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் புது சோபா மேல வெச்சியே, அப்போ யாரைக் கேட்டே?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு கிளம்பியது. "எங்க வீட்டுலயும் அதேதான்!" என்றது ஒரு குரல். கடைசி வரிசையிலிருந்து ரிதா எழுந்தே நின்றுவிட்டாள். "என் வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து குடை வெக்கிற இடம் தெரியாது. அதுக்கு இப்ப பாட்டும் வந்துருச்சா? நல்லதாப் போச்சு!"

ஷெம் திரும்பி மனைவியை முறைத்தார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சிரிப்புக்கு நடுவே டாஃபி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இபானிடம் திரும்பி, அக்கா என்னும் மரியாதையோடு கூப்பிட்டாள். "கோங் இபான், அந்தப் பாட்டை மறுபடி போடுங்க. இந்தச் செருப்புச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கல. முதல்ல அதைப் போடுங்க. அப்புறம் டாக்டர் சொன்ன மாதிரியே மத்ததும் வரட்டும். இவ்வளவு பேச்சு பேசுறாரே, பார்த்துருவோம்."

"இன்னொரு தடவை முழுசாவா?" என்றார் ஹெர்குலிஸ். "கடையைத் திறக்கணும் எனக்கு."

"இந்த மழையில உங்ககிட்ட யார் செருப்பு வாங்க வர்றாங்க? உக்காருங்க," என்றாள் ரிதா.

இபான் ஃபுல்மூனைப் பார்த்தாள். அவன் தங்கையைப் பார்த்தான். பிறகு போடு என்பதுபோலக் கையை அசைத்தான்.

பாக்குத் தட்டு மறுபடி சுற்றி வந்தது. ஓட்டின்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னொரு மழை தொடங்கியது. துய்தாராவின் நாலு தந்திகள் கதவைத் தட்டின. இந்தத் தடவை யாரும் பையை மூடவில்லை. அந்த மனிதன் நனைந்து வந்து வாசலில் நின்றான், கேட்டான். டாஃபி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரி மூன்றாம் முறை வந்தபோது, கடைசி வரிசையில் யாரோ அதன்கூடவே முனகினார்கள். ஷெம்முக்கு அந்தக் குரல் தெரியும். சமையலறையிலும் தேவாலயத்திலும் வருடக்கணக்காகக் கேட்ட குரல். ரிதா மெயின் மெட்டுக்குக் கீழே, இரண்டாம் குரலில் நின்றிருந்தாள். பேசக் கூடாது என்றுதான் விதி. பாடக் கூடாது என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த முறை அவள் தோழிகள் சேர்ந்தார்கள். அதற்கடுத்த முறை ஆண்கள் பக்கத்திலிருந்து அடிக்குரல் எழுந்தது. பிறந்த நாளிலிருந்து தேவாலயத்தில் நாலு குரலாகப் பிரிந்து பாடியே வளர்ந்த கூட்டம் அது. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதில் தனக்கான இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும். ஹெர்குலிஸ் கண்ணை மூடிக்கொண்டு ஆண்களின் மேல்குரலான டெனரில் கரைந்துகொண்டிருந்தார். குடையை எங்கே வைக்கட்டும் என்று நூறு பேர் கேட்டார்கள். அத்தனை பேர் சேர்ந்து கேட்டபோது அது கேள்வியாகவே இல்லை.

முன் வரிசையில் டாஃபியும் பாடினாள். முகத்தை நிமிர்த்தாமலே பாடினாள்.

சுவரோரம் நின்ற ஃபுல்மூன் மட்டும் பாடவில்லை. தன் குரலையும் ஊரின் குரலையும் சேர்த்துக் கேட்டபடி நின்றான். பாட்டு முடிந்து, பதிவில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தபோது, அவன் சுவரை விட்டு வந்து ஷெம்முக்கும் ஹெர்குலிஸுக்கும் நடுவில் இடித்துப்பிடித்து உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது. அவன் தோள் ஷெம்மின் தோளில் பட்டது. தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஷெம்மின் காதுப் பக்கம் சாய்ந்தான்.

"அடுத்து எது?" என்றான்.

"ஆரஞ்சு லாரி," என்றார் ஷெம். "பேசாமக் கேளு."